வற்றும் கண்ணீரும் இரு வைத்தியங்களும்

“கண்ணால தண்ணி வடிஞ்சிக்கிட்டே இருக்கு டொக்டர்” என்று முறைப்பட்டுப் போகிறவரிடம், “உங்களுக்குக் கண் வறட்சி” என்று வைத்தியர் சொன்னால் அவர் திகைத்துத்தான் போவார். தண்ணீர் வடிகிற கண் எப்படி வறண்ட கண்ணாகும்? ஆனாலும் வைத்தியர் சொல்வது சரிதான். இந்த நோயை விளங்கிக்கொள்ள இந்த முரணே நல்ல வாசல்.

தமிழில் கண்ணீர் என்றதும் துக்கம்தான் நினைவுக்கு வரும். கண்ணோ நாம் அழாத நேரத்திலும் கண்ணீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. இமைக்கும் ஒவ்வொரு தடவையும் அது விழிமேல் ஒரு படலமாகப் பூசப்படுகிறது. அந்தப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 3 மைக்ரோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்களவுதான். இந்தப் படலம் நிலைக்காமல் போனால் விழியின் மேற்பரப்பு காய்ந்து உறுத்துகிறது. உறுத்தலைக் கழுவிவிட உடல் அவசரமாகத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. அது கன்னத்தில் வடிகிறதே தவிர, படலமாக நிற்பதில்லை.

சீனாவில் இந்த நோய்க்குப் பாரம்பரிய சீன வைத்தியத்தையும் மேற்கத்திய வைத்தியத்தையும் சேர்த்துச் சிகிச்சை செய்கிறார்கள். அந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எங்களுக்கும் இது வெறும் வெளிநாட்டுச் சங்கதி அல்ல. ஒரு வருத்தம் வந்தால் இங்கிலிஷ் மருந்தும் எடுத்து, யூனானி வைத்தியரிடமும் போய்வருகிற பழக்கம் எம்மவரிடம் நிறையவே உண்டு. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் யூனானியையும் சித்தத்தையும் ஆயுர்வேதத்தோடு சேர்த்து அங்கீகரித்த நாடு இது. இரண்டு மருந்தையும் ஒன்றாக எடுப்பது வேறு, இரண்டு வைத்தியத்தைச் சேர்ப்பது வேறு என்பதைச் சீனாவின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

நோயை அளக்கும் விதம்

கண்ணீர்ப் படலம் வெறும் தண்ணீரால் ஆனதல்ல. விழியோடு ஒட்டிய பக்கத்தில் வழுவழுப்பான சளிப்பொருள், நடுவில் கண்ணீர்ச் சுரப்பி தரும் நீர், மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது. எண்ணெய், இமை விளிம்பிலுள்ள மைபோமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. 1666இல் அவற்றை விவரித்த ஜேர்மனியரான மைபோமின் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. மேல் இமையில் மட்டும் 25 தொடக்கம் 40 சுரப்பிகள் வரை இருக்கும். அவை அடைபட்டால் எண்ணெய் குறைந்து நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண் வறட்சி உள்ளவர்களில் கூடுதலானோருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. மற்ற வகையில் நீரே குறைவாகச் சுரக்கும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

கணினியையும் கைத்தொலைபேசியையும் உற்றுப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வயது, மாதவிடாய் நிற்கும் பருவம், குளிரூட்டிய அறை, கண்வில்லை, சில குளிசைகள் என்று வேறு காரணங்களும் உள்ளன. 2017இல் சர்வதேச நிபுணர் குழு வெளியிட்ட வரைவிலக்கணம், கண்ணீர்ப் படலம் தன் சமநிலையை இழப்பதையே இந்நோயின் மையமாக வைத்தது. படலம் நிலையாக நில்லாமை, கண்ணீரில் உப்புச் செறிவு கூடுதல், மேற்பரப்பின் அழற்சி, நரம்புகளின் கோளாறு எல்லாம் அந்த வரைவிலக்கணத்துக்குள் வருகின்றன.

மேற்கத்திய வைத்தியத்தின் பலம் இதை அளக்க முடிவதில் இருக்கிறது. கீழிமைக்குள் ஒரு சிறு கடதாசித் துண்டை வைத்து, 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீற்றர் நனைகிறது என்று பார்ப்பது ஷேர்மர் பரிசோதனை. 1903இலிருந்து இருந்துவருகிறது. 5 மில்லிமீற்றருக்கு மேல் நனையாவிட்டால் நீர்ச் சுரப்பு நன்றாகவே குறைந்திருக்கிறது என்று பொருள். இன்னொன்று, கண்ணில் மஞ்சள் சாயம் இட்டு, இமைக்காமல் இருக்கும்போது படலம் எத்தனை செக்கனில் உடைகிறது என்று எண்ணுவது. 10 செக்கனுக்குள் உடைந்தால் கவனிக்க வேண்டும். ஆசிய நிபுணர்கள் 5 செக்கனையே எல்லையாக வைக்கிறார்கள்.

சிகிச்சையும் படிப்படியானது. முதலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகள், இமைக்குச் சூட்டு ஒத்தடம், இமை விளிம்பைச் சுத்தமாக வைத்தல். அழற்சி கூடினால் சைக்ளோஸ்போரின் சொட்டு. இது அமெரிக்காவில் 2002இலும் சீனாவில் 2020இலும் அனுமதி பெற்றது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. சொட்டு விடும்போது சுகமாக இருக்கும், சற்று நேரத்தில் பழையபடிதான். சில சொட்டுகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைட்டை அடிக்கடி விட்டால் விழியின் மேற்பரப்பே பாதிக்கப்படலாம். வருடக்கணக்காகச் சொட்டுக் குப்பியோடு அலைகிற நோயாளி வேறு வழி தேடுவதில் ஆச்சரியமில்லை.

சீனாவுக்கு இந்தச் சேர்க்கை புதிதல்ல

கண் வைத்தியத்தில் வெளியிலிருந்து வந்ததை ஏற்றுக்கொள்வது சீனாவில் பழைய வழக்கம். புரை விழுந்த கண்வில்லையை ஊசியால் கீழே தள்ளிப் பார்வைக்கு வழிவிடும் சத்திர முறை இந்தியாவிலிருந்தே அங்கு போனது. தாங் காலக் கவிஞர் லியு யூஷி, பிராமணக் கண் வைத்தியர் ஒருவருக்குக் கவிதை எழுதியிருக்கிறார். பழைய சீனக் கண் வைத்திய நூலொன்று நாகார்ஜுனரின் பெயரைத் தாங்கி வழங்கியது.

முஸ்லிம்களின் பங்கும் இதில் உண்டு. யுவான் ஆட்சிக் காலத்தில் அரபு, பாரசீக வைத்தியம் சீனத் தலைநகரத்தில் அரச ஆதரவோடு நடந்தது. அந்த மரபின் சாட்சியாக ‘ஹுய்ஹுய் யாவ்பாங்’, அதாவது முஸ்லிம்களின் மருந்து முறைகள் என்ற நூல் இருக்கிறது. 36 பாகங்களில் 4 மட்டுமே எஞ்சி, பெய்ஜிங் தேசிய நூலகத்தில் உள்ளன. சீன எழுத்துகளுக்கு நடுவே மருந்துப் பெயர்கள் அரபு எழுத்திலும் எழுதப்பட்டிருப்பது அதன் சிறப்பு.

மேற்கத்திய கண் வைத்தியம் 1835இல் உறுதியாகக் கால்வைத்தது. அமெரிக்க மிஷனரி பீற்றர் பார்க்கர் கன்டன் நகரில் கண் ஆஸ்பத்திரி திறந்தது அந்த ஆண்டில்தான். பிறகு ஜாங் ஷிசுன் என்ற சீன வைத்தியர், ஜிப்சம் சேர்ந்த கஷாயத்தோடு அஸ்பிரினையும் கொடுக்கும் ஒரு மருந்து முறையைத் தன் நூலில் எழுதினார். 1955இல் பெய்ஜிங்கில் சீன வைத்திய ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டதோடு இரண்டையும் சேர்ப்பது அரச கொள்கையாகவே வளர்ந்தது. தாங் யூஜி என்ற கண் வைத்தியர் பழைய ஊசி முறையை நவீன உடற்கூற்று அறிவைக் கொண்டு திருத்தினார். 1975இல் மாவோவின் கண்புரைக்கு அவரே அந்த முறையில் சத்திர சிகிச்சை செய்தார். கண்ணின் எந்த இடத்தில் ஊசி போனால் சேதம் குறைவு என்பதை நவீன அறிவு சொன்னது, கைவேலையைப் பழைய மரபு கொடுத்தது. சேர்க்கை என்ற சொல்லுக்கு நல்ல உதாரணம் இதுதான்.

சீன வைத்தியம் கண் வறட்சியை எப்படிப் பார்க்கிறது?

மிங் ஆட்சியின் கடைசிக் காலத்துக் கண் வைத்திய நூலான ‘ஷென்ஷி யாவ்ஹான்’ ஒரு நோயைப் பற்றிச் சொல்கிறது. கண்ணில் வீக்கமில்லை, சிவப்பில்லை, ஆனாலும் மணல் விழுந்ததுபோல அரிக்கும், பார்வை மங்கும். அதற்குப் ‘பாய் ஸெ’ என்று பெயர். வெளிறிய அரிப்பு எனலாம். இன்னொரு நோய்ப் பெயரின் பொருள், ‘தெய்வ நீர் வற்றப்போகிறது’ என்பது. இன்றைய சீன வைத்தியர்கள் கண் வறட்சியை இவ்விரு பெயர்களோடும் பொருத்துகிறார்கள்.

சீன மரபில் ஈரலின் வாசல் கண். கண்ணீர் ஈரலின் நீர். உடலின் நீர்மைக்கு வேர் சிறுநீரகம். இங்கே ஈரல், சிறுநீரகம் என்பவை ஸ்கேனில் தெரியும் உறுப்புகள் அல்ல, உடலின் இயக்கத்தை விளக்கும் ஓர் ஏற்பாடு. யூனானியில் பல்கம், ஸப்ரா என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, தூக்கம், தாகம், மலம் எல்லாம் விசாரித்து, இது ஈரலும் சிறுநீரகமும் வறண்ட வகையா, நுரையீரல் வறண்ட வகையா, வயிற்றில் ஈரமும் சூடும் தேங்கிய வகையா என்று வைத்தியர் பிரிப்பார். ஒரே கண் வறட்சிக்கு மூன்று பேருக்கு மூன்று கஷாயம் கிடைப்பது இதனால்தான்.

முதல் வகைக்குப் பேர்போன மருந்து ‘சீ ஜூ தீஹுவாங்’ குளிகை. சொங் காலத்துச் சிறுவர் வைத்தியர் சியன் யியின் ஆறு மூலிகை மருந்தோடு கோஜிப் பழமும் செவ்வந்திப் பூவும் சேர்ந்தது அது. கோஜிக்குப் பெயர்போன இடம் ஹுய் முஸ்லிம்களின் நிங்ஷியா சுயாட்சிப் பிரதேசம். பொட்டுப் பொட்டான அந்தச் சிவப்புப் பழத்தைச் செவ்வந்திப் பூவோடு போட்டுக் கண்ணுக்கென்று தேநீர் குடிப்பது சீன வீடுகளில் சர்வசாதாரணம்.

சேரும் இடம்

சேர்த்துப் பார்க்கும் வைத்தியசாலையில் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் நோயைப் பிரித்தறிதல். கடதாசி, சாயம், இமைச் சுரப்பியின் படம் எல்லாம் இங்கே. அடுத்தது நோயாளியின் வகையைப் பிரித்தறிதல். நாடியும் நாக்கும் இங்கே. இந்த வரிசை முக்கியமானது. ஏனென்றால் கண் வறட்சிக்குப் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கக்கூடும். சுவீடன் கண் வைத்தியர் ஷோகிரன் 1933இல் விவரித்த நோயில், உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குகிறது. கண்ணும் வாயும் சேர்ந்து வறளும், மூட்டு நோகும். பெரும்பாலும் பெண்களுக்கே வரும். சிலருக்கு அது நிணநீர்ப் புற்றுநோய் வரைக்கும் போகலாம். இரத்தப் பரிசோதனை செய்யாமல், உடலில் சூடு கூடிவிட்டது என்று மட்டும் சொல்லிக் கஷாயம் கொடுத்தால் வருடங்கள் வீணாகும். வெறும் செயற்கைக் கண்ணீரைக் கொடுத்து அனுப்பினாலும் அதே நட்டம்தான்.

சிகிச்சையில் மூன்று பொருட்கள் சீனப் பக்கத்திலிருந்து வருகின்றன. ஒன்று, கஷாயம் அல்லது குளிகை. இரண்டாவது, செவ்வந்தி, முசுக்கட்டை இலை, புதினா போன்றவற்றைக் கொதிக்கவைத்து ஆவியைக் கண்ணுக்குப் பிடித்தல். மூன்றாவது அக்குபங்சர். புருவ நுனி, கண்ணின் உள்மூலை, நெற்றிப்பொட்டு, கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தசை ஆகிய இடங்களில் மெல்லிய ஊசிகளை ஏற்றுவார்கள்.

ஆவி பிடித்தலில் இரு வைத்தியங்களும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்கின்றன. அடைபட்ட இமைச் சுரப்பியின் எண்ணெய் கட்டிப்பட்டிருக்கிறது. 40 பாகை செல்சியஸ் அளவில் சூடு பட்டால் அது இளகும். மேற்கத்திய வைத்தியர் சூட்டு ஒத்தடம் சொல்வதும் இதற்குத்தான். அப்படியானால் மூலிகை ஆவியில் குணம் தந்தது மூலிகையா, சூடா? வெறும் தண்ணீர் ஆவியோடு ஒப்பிட்டால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் ஆய்வுகளைப் படிப்பது சுலபம்.

குணம் கண்டது எதனால்?

இத்துறையில் வந்த சீன ஆய்வுகள் பலவற்றின் அமைப்பு இப்படி இருக்கும். ஒரு குழுவுக்குச் சொட்டு மட்டும். மற்றக் குழுவுக்குச் சொட்டோடு கஷாயமும். முடிவில் இரண்டாவது குழு கூடுதல் சுகம் சொல்லும். உடனே சேர்க்கை வென்றுவிட்டது என்று எழுதிவிடுவார்கள். ஆனால் இரண்டாவது குழுவுக்கு மருந்தோடு கூடுதலான கவனிப்பும் எதிர்பார்ப்பும் கிடைத்திருக்கின்றன. யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியும், வைத்தியருக்கும் தெரியும். கண் வறட்சியோ நோயாளியின் மனநிலையோடு ஏறி இறங்குகிற நோய். உறுத்தல் கூடிய சிலருக்குப் பரிசோதனையில் ஒன்றுமே தெரியாது, மோசமான அளவு காட்டும் சிலருக்கு உறுத்தலே இருக்காது.

கொரியாவில் நடந்த இரண்டு ஆய்வுகள் இந்தச் சிக்கலை நன்றாகக் காட்டுகின்றன. 2010இல் வெளியான சிறிய ஆய்வில், உண்மையான அக்குபங்சரும் தவறான இடத்தில் மேலோட்டமாகக் குத்திய போலி அக்குபங்சரும் ஒப்பிடப்பட்டன. இரு குழுவுக்கும் சுகம் கண்டது, இடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2012இல் வெளியான பெரிய ஆய்வில் 150 பேர். அக்குபங்சர் ஒரு பக்கம், செயற்கைக் கண்ணீர் மறுபக்கம். நான்கு வாரச் சிகிச்சை முடிந்தபோது இரண்டும் சமம். ஆனால் மேலும் எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது அக்குபங்சர் குழுவிடம் சுகம் கூடுதலாக நிலைத்திருந்தது. சொட்டின் சுகம் சீக்கிரம் போய்விடுகிறது என்ற நோயாளிகளின் முறைப்பாட்டோடு இது பொருந்துகிறது. ஊசி குத்திய இடம்தான் காரணமா என்பதற்கு இந்த ஆய்வு பதில் சொல்லவில்லை. ஒதுக்கிவிடவும் முடியாது, முடிந்த முடிவாகக் கொள்ளவும் முடியாது என்ற இடத்தில்தான் அக்குபங்சர் நிற்கிறது.

சீன வைத்தியத்துக்கு மட்டும் இப்படிக் கடுமையான அளவுகோலா என்று கேட்கலாம். இல்லை. மீனெண்ணெய்க் குளிசை கண் வறட்சிக்கு நல்லதென்று மேற்கத்திய கண் வைத்தியர்கள் பலர் வருடக்கணக்காக எழுதிக்கொடுத்தார்கள். 2018இல் அமெரிக்காவில் 535 பேரை வைத்து ஒரு வருடம் ஆய்வு செய்தபோது, மீனெண்ணெய் குடித்தவர்களுக்கும் சுகம் கண்டது, ஒப்பீட்டுக்காக ஒலிவ் எண்ணெய் குடித்தவர்களுக்கும் சுகம் கண்டது. வித்தியாசம் இல்லை. அதே தராசுதான் இங்கும். அந்தத் தராசில் தானாகவே ஏறி நிற்க ஒப்புக்கொள்கிற வைத்தியமே சேர்வதற்குத் தகுதியானது. பாரம்பரிய மருந்தென்பதால் அதற்கு விலக்குக் கொடுப்பது அதை மதிப்பதாகாது.

மூலிகைதானே என்று இருந்துவிடலாமா?

தராசு வேண்டுமென்பது வெறும் ஆராய்ச்சிக்காரரின் பிடிவாதம் அல்ல. ‘ஈரல் சூடு’ என்று சிவந்த கண்ணுக்குக் கொடுக்கப்பட்ட ‘லொங்தான் ஷியேகான்’ குளிகையில் ‘குவான் முதொங்’ என்ற கொடியைச் சேர்த்தார்கள். அதிலிருந்த அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது தெரியவந்து, 2003இல் சீன அரசே அந்தக் கொடியை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. கண்ணுக்கு மருந்து குடித்துச் சிறுநீரகத்தை இழந்தவர்களுக்கு, மூலிகைதானே என்ற நம்பிக்கைதான் வினையானது. கோஜியிலும் கவனம் வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குளிசை எடுப்பவர்களுக்குக் கோஜியால் இரத்தப்போக்கு ஆபத்துக் கூடிய சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் பதிவாகியுள்ளன. கண்ணின் உள்மூலையில் ஊசி போடுவதால் கண்ணைச் சுற்றி இரத்தம் கட்டிக்கொள்ளவும் கூடும்.

முஸ்லிம்களுக்கு இன்னும் ஒரு விசாரணை இருக்கிறது. சீனக் கண் மருந்துகளில் கரடியின் பித்தம் சேர்ந்த சொட்டு உண்டு. பழைய கண் மருந்துகளில் வௌவாலின் எச்சம் ஒரு சரக்கு. மருந்துக் கூடுகளின் ஜெலட்டின் எந்த மிருகத்துடையது என்பதும் கேட்கவேண்டியதே. ஹலால்-ஹராம் தீர்ப்பை உலமாக்கள் சொல்லட்டும். ஆனால் பொதிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் எந்த ஆலிமாலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நோன்பைப் பொறுத்தவரை, கண்ணில் சொட்டு விடுவது ஷாபிஈ மத்ஹபின்படி நோன்பை முறிக்காது. கஷாயம் அப்படியல்ல, குடிக்கும் நேரத்தை இப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் வைத்தியரோடு பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பென்று சொட்டையும் சேர்த்து நிறுத்திவிடுகிறவர்கள் ஒரு மாதம் வீணாகக் கண்ணை வருத்துகிறார்கள்.

நாங்கள் எடுக்கவேண்டியது

எங்கட பக்கத்தில் பொதுவாக நடப்பது, இங்கிலிஷ் டொக்டருக்குத் தெரியாமல் கஷாயமும், யூனானி வைத்தியருக்குத் தெரியாமல் குளிசையும் எடுப்பதுதான். இரண்டு வைத்தியமும் நோயாளியின் வயிற்றில் சந்திக்கின்றனவே ஒழிய, வைத்தியர்களின் அறிவில் சந்திப்பதில்லை. சீனாவின் நல்ல வைத்தியசாலைகளில் நோயாளியின் பதிவேடு ஒன்றே. இரண்டு பக்க வைத்தியமும் அதிலேயே எழுதப்படுகிறது. குணம் கண்டதா என்பதையும் அதே கடதாசித் துண்டும் அதே மஞ்சள் சாயமும் சொல்கின்றன.

அந்த வசதி இங்கில்லை என்றாலும், சில காரியங்களை நோயாளியே செய்யலாம். கண் உறுத்தல் இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் முதலில் கண் வைத்தியரிடம் அளந்து பார்த்து, அந்த அளவை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாயும் வறண்டு மூட்டும் நோகுதென்றால் அதைச் சொல்லாமல் வரக்கூடாது. வேறு வைத்தியம் தொடங்கினால் இரு தரப்புக்கும் சொல்லவேண்டும். தொடங்கும்போது பழைய சொட்டைத் தன்பாட்டில் நிறுத்தக்கூடாது. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து, முதல் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கடுமையான நோவு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, திடீரென்று பார்வை மங்குதல் இருந்தால் எந்தக் கஷாயத்துக்கும் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அது விழிவெண்படலத்தில் புண்ணாக இருக்கலாம், ஒரு நாள் தாமதமும் பார்வையைப் பறித்துவிடும்.